மூன்று வரியில் கடவுளை நிறுவு: கிளிநொச்சியின் சனிக்கிழமைச் சித்தாந்த வகுப்பு

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியை விட்டுச் சற்று உள்ளே, ஒரு கோயிலின் அன்னதான மடத்தில், சனிக்கிழமை பின்னேரம் 3 மணி தொடக்கம் 5 மணி வரை நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. தொடர் 16 வாரம். கட்டணம் இல்லை, கையேட்டின் போட்டோ கொப்பிக் காசு மட்டும். பண்ணிசை பழகவோ புராணம் கேட்கவோ விரும்புகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. கடவுள் உண்டு என்பதற்கு நியாயம் சொல்ல முடியுமா, இல்லை என்பவரின் நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பவைதான் இங்கே எடுத்துக்கொள்ளப்படும் கேள்விகள். இந்தக் கேள்விகளை இவ்வளவு ஒழுங்காகக் கையாளும் இடம் வன்னியில் அரிது. அதனாலேயே குறைகளையும் ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

அடிப்படை நூல்கள் இரண்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் ஒன்று: 12 சூத்திரம், அவற்றை வாதமாகப் பிரித்துக் காட்டும் 39 அதிகரணம், 81 எடுத்துக்காட்டு வெண்பா. மற்றது அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞானசித்தியார். வகுப்பின் ஒழுங்கு சித்தியாரின் வைப்புமுறையைத் தழுவியது. அந்நூலின் முதற்பகுதியான பரபக்கம் 14 பிற கொள்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் முதலில் அதன் குரலிலேயே பேசவிட்டு, பிறகுதான் மறுக்கிறது. அந்த வரிசையில் முன்னுக்கு நிற்பவன் உலகாயதன், கடவுளும் இல்லை உடம்புக்கு வேறாய் உயிரும் இல்லை என்பவன். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கமோ வாழ்த்து முடிந்தவுடன் அளவையில், அதாவது அறியும் வழிகளைப் பற்றிய ஆய்வில், இறங்குகிறது. எதை அறிவென்று ஒப்புக்கொள்வது என்று தீர்மானிக்காமல் எது உண்டு என்று பேச அருணந்தியார் விரும்பவில்லை. அறநெறிப் பாடசாலைகளில் பிள்ளைகள் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று பாடமாக்குகிறார்கள். அந்த மூன்றும் எந்த அளவையால் பெறப்பட்டன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இங்கே முதல் 3 வாரமும் அதற்குத்தான்.

சித்தியார் அளவைகளை ஆறென்பாரும் பத்தென்பாரும் உண்டு என்று காட்டி, எல்லாவற்றையும் காண்டல் (நேரே அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது) என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. முதல் வாரம் காண்டல். தூரத்தில் நிற்பது கட்டையோ ஆளோ என்ற ஐயக் காட்சியும் கயிறு பாம்பாகத் தெரியும் திரிவுக் காட்சியும் விளக்கப்படுகின்றன. இரண்டாம் வாரம் கருதல். வகுப்பின் சிறந்த பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. ஆளுக்கு அரைத்தாள் கொடுக்கப்படும். மூன்றே வரி எழுத வேண்டும்: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. நிறுவ வந்தது மேற்கோள், அதற்குக் காரணம் ஏது, அந்த ஏது வேறோரிடத்தில் அதே முடிவைத் தந்ததைக் காட்டுவது எடுத்துக்காட்டு. சிவஞானபோதத்தின் அதிகரணங்கள் இந்த எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன. எழுதிய தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வேலை அதில் ஏதுப்போலி, அதாவது ஏதுபோலத் தோன்றும் பிழையான காரணம், இருக்கிறதா என்று பார்ப்பது.

போலி மூன்று வகையாகச் சொல்லித் தரப்படுகிறது. ஏது என்று சொன்னதே இன்னும் நிறுவப்படாமல் கிடந்தால் அசித்தம். ஏது நேரெதிரான முடிவையே தந்தால் விருத்தம். அந்த முடிவு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஏது காணப்பட்டால் அநைகாந்திகம். கையேட்டில் உள்ள ஒரு பயிற்சி: “கோயிற் பொங்கலை நிறுத்தியதால் குளம் வற்றியது.” பொங்கல் நடந்த வருடத்திலும் குளம் வற்றியதுண்டு, நடக்காத வருடத்தில் குளம் நிரம்பி வான் பாய்ந்ததுமுண்டு. ஆகவே அநைகாந்திகம். பக்தர்கள் நிறைந்த ஒரு மடத்தில், கடவுளுக்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதத்தையே முதலில் வெட்டக் கற்றுக்கொடுப்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இவர்களிடம் இருக்கிறது.

4ஆம், 5ஆம் வாரங்கள் உலகாயதனுக்கு. வகுப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி உலகாயதனாக நின்று வாதிட வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றும் சேரும்போது வருவதுபோலப் பூதங்கள் சேரும்போது அறிவு வருகிறது என்பது உலகாயதர் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. ஆசிரியர் அதை வாயால் சொல்லிவிட்டுப் போவதில்லை. சிறிய உரலில் பாக்கையும் வெற்றிலையையும் இடித்து, சுண்ணாம்பைத் தொட்டு வைத்து, நிறம் ஏறுவதைக் காட்டுகிறார். சுண்ணாம்பின் காரம் பாக்கின் துவர்ப்பொருளோடு சேர்வதால் வரும் சிவப்பு அது. பிறகு கேட்கிறார்: “பிள்ளையள், இந்தச் சிவப்பை நாங்கள் பார்க்கிறம். தான் சிவப்பெண்டு இந்தச் சிவப்புக்குத் தெரியுமோ?” உலகாயதப் பக்கத்திலிருந்து வரும் பதில்களை வெண்பலகையில் எழுதி, ஒன்றையும் அழிக்காமல் விடுகிறார்.

அந்தக் கேள்வி கூர்மையானது. நிறம் பிறர் கண்ணுக்குப் பொருளாகிறது. அறிவோ தன்னைத் தானே அறிகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ இன்னொரு நியாயம் வேண்டும். ஆனாலும் இன்றைய உலகாயதன் வெற்றிலையோடு வருவதில்லை, மூளையோடு வருகிறான். தலையில் அடிபட்டால் நினைவு போகிறது, மயக்க மருந்து கொடுத்தால் அறிவு அடங்குகிறது, ஆகவே அறிவு மூளையின் தொழில் என்கிறான். சித்தாந்தத்திடம் இதற்கு விடை உண்டு: உயிர் கருவிகளோடு கூடியே அறிவது, கருவி கெட்டால் அறிதல் கெடும், கருவியைச் சார்ந்திருப்பதால் உயிர் கருவியாகிவிடாது. அந்த விடை வகுப்பில் சொல்லப்படுகிறது, போதிய அளவு சோதிக்கப்படவில்லை. மூளை இல்லாமல் அறிவு இருந்ததாக எதைக் காட்டுவீர்கள் என்று எதிர்ப்பக்கம் கேட்டால், எடுத்துக்காட்டு வரி வெறுமையாக நிற்கும். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை ஒன்று இதைக் கேட்டே தீரும். இன்னொரு வாரம் இதற்கு ஒதுக்கத்தான் வேண்டும்.

தொடரின் மிகச் சிறந்த பகுதி 6ஆம் வாரம். பேசுபொருள் “காணாமை”. காணவில்லை, ஆகவே இல்லை என்ற வாதம் எப்போது செல்லும், எப்போது செல்லாது? விதி பழையது: இருந்திருந்தால் காணப்பட்டே இருக்கும் என்ற தகுதி உள்ள பொருளுக்குத்தான் காணாமை இன்மையை நிறுவும். மேசையில் குடம் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். அறையில் காற்று இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை விளக்க மிதிவெடி அகற்றும் வேலையை எடுக்கிறார்கள். அந்த வேலைக்குப் போனவர்கள் இல்லாத கிராமம் இங்கே குறைவு என்பதால் உடனே பிடிபடுகிறது. பாதைக்குள் இறங்கமுன், குறித்த ஆழத்தில் வைத்த சோதனைத் துண்டின் மேல் கருவியைப் பிடித்து அது ஒலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒலித்தால்தான், அதன் பிறகு நிலத்தின் மேல் கருவி சும்மா இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கும் எல்லை இருக்கிறது: இன்ன ஆழம் வரைக்கும், இன்ன அளவு உலோகத்துக்கு மேல். உலோகம் மிகக் குறைந்த மிதிவெடி அந்த எல்லைக்கு வெளியே கிடக்கலாம். கருவி ஒலிக்கவில்லை என்பதும் நிலம் பாதுகாப்பானது என்பதும் இரண்டு வேறு வசனங்கள்.

ஐயவாதத்தின் எல்லை இங்கே தெளிவாகத் தெரிகிறது. தொலைநோக்கியிலும் ஆய்வுகூடத்திலும் கடவுள் தட்டுப்படவில்லை என்பவர், அந்தக் கருவிகள் எந்தச் சோதனைத் துண்டின் மேல் பார்க்கப்பட்டவை என்று சொல்ல வேண்டும். அவை சடப்பொருளை, அளவுக்குள் அடங்குவதை ஒலித்துக் காட்டுபவை. சித்தாந்தம் சொல்லும் பதி அந்த வகைப் பொருளாகச் சொல்லப்படவே இல்லை. காண்டல் ஒன்றே அளவை என்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: “காண்டல் மட்டுமே அளவை” என்ற வசனத்தை எந்தக் கண்ணால் கண்டார்? தன் பிறந்த திகதியைத் தாய் சொல்லக் கேட்டும், பார்த்திராத பூட்டனை இருந்தவர் என்று கருதியும் ஏற்றுக்கொள்கிறவர், கடவுள் விடயத்தில் மட்டும் உரையையும் கருதலையும் தள்ளுவதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும். பயத்தால் மனிதன் கடவுளை நினைத்தான் என்பதும் அப்படியே. நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பது அது உண்மையா என்பதைத் தீர்மானிக்காது.

ஆனால் இதே விதி நம்புகிறவருக்கும் கடிவாளம் என்பதை வகுப்பு அழுத்திச் சொல்கிறது, அது எங்களுக்குப் பெரும் நிறைவு. கருவிக்கு எட்டாது என்பது ஒரு மறுப்பை நீக்குகிறது, உண்மையை நிறுவிவிடாது. இல்லாவிட்டால் முனியும் மோகினியும் அதே வாசலால் உள்ளே வந்துவிடும். அதோடு, தடம் விட வேண்டிய கூற்றுக்கள் சில உண்டு. இந்தத் திருநீற்றைப் பூசினால் டெங்குக் காய்ச்சல் மாறும் என்று ஒருவர் சொன்னால், அது சோதிக்கத்தக்க கூற்று. அங்கே காணாமை இன்மையையே காட்டும்.

இந்த இடத்தில் ஆபிரகாம் கோவூரின் பெயர் வருவது பொருத்தம். கேரளத்தில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்து, இலங்கையில் பகுத்தறிவு இயக்கத்தை நடத்தி 1978இல் மறைந்தவர். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். சாமியார்களின் ஏமாற்று வேலைகளிலிருந்து மக்களைக் காத்த அந்தப் பணியை வகுப்பு மரியாதையோடு சொல்கிறது. அவருடைய சோதனை எதைத் தீர்த்தது என்பதையும் சரியாக வரையறுக்கிறது: அற்புதம் செய்வேன் என்ற கூற்றைத் தீர்த்தது. உலகுக்கு நிமித்த காரணன், அதாவது குடத்துக்குக் குயவன் போல ஆக்குபவன், உண்டா என்ற கேள்வியை அது தொடவில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது பற்றியும் ஒவ்வொரு தொடரிலும் யாராவது கேட்பார்களாம். ஆசிரியரின் பதில் சுருக்கமானது: அது வழிபாட்டு மரபு, அதை வாதத்தின் தூணாக நிறுத்தாதே, விளக்கு எரிந்தாலும் அதிலிருந்து பதியின் இலக்கணம் பெறப்படாது, எரியாவிட்டாலும் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் விழாது. அம்மன் அடியார்களும் இதைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பது அவர் சொல்லும் முறையால்.

7ஆம் வாரம் முதல் 11ஆம் வாரம் வரை முதற் சூத்திரமும் இரண்டாம் சூத்திரமும். சாரம் இது: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகு தோன்றி, நின்று, ஒடுங்குவது, சடமாகையால் தானாக மீள மாட்டாது, எவனிடத்தில் ஒடுங்கியதோ அவனாலேயே மீளத் தோன்றும், அவனே முதல். காரணம் மூன்றென்று பிரிப்பது விளக்கத்துக்கு உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு முறையே மாயை (உலகின் மூலப்பொருள்), சத்தி, சிவன்.

மாணவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில. “அப்படியென்றால் கடவுளைப் படைத்தது யார்?” என்று கேட்பவர் ஏது வரியைத் தவறாக வாசித்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று சூத்திரம் சொல்லவில்லை, தோன்றி ஒடுங்குவதற்குக் காரணம் உண்டு என்கிறது. மெய்கண்டாரின் அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த கத்தோலிக்க மெய்யியலாளர் தோமஸ் அக்குவைனாஸும் (1225–1274) இதே கவனத்தோடு நடந்தார். உலகுக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதை அறிவால் மட்டும் நிறுவ முடியாது என்று ஒப்புக்கொண்டே, உலகின் சார்புநிலையிலிருந்து வாதிட்டார். இந்த ஒப்பீடு வகுப்பில் இல்லை. மன்னார், மடுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் வந்தமர இது ஒரு நல்ல வாசலாக இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம்.

பெருவெடிப்பைக் கொண்டுவந்து சூத்திரத்துக்குச் சான்றாக்க முயல்பவர்களை ஆசிரியர் தடுக்கிறார், அது முழுக்கச் சரி. அந்தக் கொள்கைக்கு அடித்தளமிட்ட ஜோர்ஜ் லெமைத்ர் தானே ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அதைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது லெமைத்ர் அதை விரும்பவில்லை. அறிவியற் கொள்கை நாளை திருத்தப்பட்டால் அதன்மேல் கட்டிய கடவுள் வாதமும் சேர்ந்து விழும்.

குடம், குயவன் எடுத்துக்காட்டில்தான் வகுப்பு அவசரப்படுகிறது. உலகின் உறுப்புகள் தோன்றி மறைவதைக் கண்டோம். உறுப்புக்கு உள்ளது முழுமைக்கும் உண்டென்று எப்படிச் சொல்வது? குயவனுக்கு உடம்புண்டு, பல குயவர் உண்டு. உலகுக்கும் உடம்புள்ளவர் பலர் ஏன் இருக்கக் கூடாது? ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் (1711–1776) எழுப்பிய இவ்வகைக் கேள்விகளுக்கு அருணந்தியாரின் செய்யுள்களில் தொடக்க விடைகள் உண்டு: உயிர் தன் உடம்பை அசைக்க இன்னோர் உடம்பைத் தேடுவதில்லை என்பது அவற்றில் ஒன்று. ஆனால் 9ஆம் வாரத் தாளில் “ஒரு காரணன்” என்ற வரியிலிருந்து “அவன் சிவன்” என்ற வரிக்கு ஒரே தாவலாகப் போய்விடுகிறார்கள். கருதலால் வந்தது காரணன் உண்டு என்பது மட்டும். அருளுடையவன், ஐந்தொழில் செய்பவன் என்பதற்கு உரை அளவையும் வேறு வாதங்களும் வேண்டும். வகுப்பு கற்றுக்கொடுத்த முறைப்படியே பார்த்தால் அந்தத் தாள் அசித்தம்.

இனி 12ஆம் வாரம். வன்னியில் கடவுளை மறுப்பவரின் பலமான வாதம் பௌதிகத்திலிருந்து வருவதில்லை, 2009 மே மாதத்திலிருந்து வருகிறது. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கு இங்கே ஒதுக்கப்பட்டிருப்பது ஒரே வாரத்தின் பாதி நேரம். “வினைப்பயன்” என்று கூறி, கன்மம் (வினை) சடம், அதன் பயனை உயிருக்கு ஊட்ட ஒருவன் வேண்டும் என்ற இரண்டாம் சூத்திர வாதத்துக்குப் போய்விடுகிறார்கள். இது கடுமையான குறை.

வினைக் கொள்கையின் வேலை, இறைவன் பக்கச்சார்பாக இன்பதுன்பம் வகுக்கவில்லை என்று பொதுவாகக் காட்டுவது. குறிப்பிட்ட ஒருவரின் துன்பத்தைப் பார்த்து அவர் செய்த குற்றத்தைக் கணிக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. அப்படிக் கணிப்பது வகுப்பின் கணக்கிலேயே போலி. இதை வாய் திறந்து சொல்லாவிட்டால், யாராவது ஒருவர் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கன்மம் அநாதி என்ற விடை எல்லோரையும் ஆற்றாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபக்கத்தில், துன்பம் உண்டு ஆகவே கடவுள் இல்லை என்ற வாதத்துக்கும் இன்னும் நிறுவப்படாத ஒரு வரி உண்டு: இந்தத் துன்பத்தை விட்டுவைக்க எந்தத் தகுந்த காரணமும் இருக்கவே முடியாது என்பது. “இது அநியாயம்” என்ற கதறலும் மனித விருப்பு வெறுப்புக்கு மேலான ஒரு நியாயத்தை நம்பித்தான் எழுகிறது. பூதங்கள் மட்டுமே உண்டென்பவர் அந்த நியாயம் எங்கிருந்து வந்ததென்று சொல்ல வேண்டும். இவை வாதமேடைக்குரியவை, செத்தவீட்டுக்கு உரியவை அல்ல. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில் இறைவனோடேயே சண்டை பிடித்தார். சைவம் அந்தப் பதிகத்தைத் திருமுறைக்குள் வைத்துப் பாடுகிறது. அதை இந்த வாரத்தில் வாசிக்கலாம்.

மீதி வாரங்கள் மற்றச் சூத்திரங்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்கின்றன. உயிர், மலம், ஐந்தெழுத்து எல்லாம் 4 வாரத்தில் அடங்காது; அந்தப் பகுதிக்காக யாரும் வரத் தேவையில்லை.

வசதிகளைச் சொல்வதானால், மடத்தில் கதிரைகள் போதும், மின்விசிறிகள் போதாது. பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 2 மணித்தியாலம் இருப்பது கடினம், தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோக வேண்டும். கோயில் விசேட நாட்களில் ஒலிபெருக்கி வகுப்பை விழுங்கிவிடும். அந்தச் சனிக்கிழமைகளை முன்கூட்டியே நிறுத்தி அறிவிப்பது நல்லது. காலபோக நெல் விதைப்புக் காலத்தில் வளர்ந்தவர்கள் குறைந்து மாணவர்கள் மட்டுமாகிவிட, இரு பக்க வாதம் சோர்ந்துபோகிறது. கையேட்டில் உரை நூல்களின் சொற்களை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஏதுப்போலிப் பக்கத்துக்காவது இன்றைய தமிழில் ஒரு விளக்கம் வேண்டும்.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இந்து நாகரிகம் எடுப்பவர்களுக்கும் முதல் 6 வாரமும் நேரடியாக உதவும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தயங்காமல் வரலாம். உலகாயதப் பக்கத்துக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. அடுத்த தொடர் தைப்பொங்கல் கழிந்து தொடங்குகிறது, பெயர் பதிவு மடத்து வாசலில். 2ஆம் வாரத்துக்குப் பின் சேருவதில் பயனில்லை, அளவைப் பகுதி தவறினால் முதற் சூத்திரம் வெறும் மனனமாகிவிடும். சேருபவர்கள் 12ஆம் வாரத்துக்கு முழு 2 மணித்தியாலம் தரும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.